அக்காவுக்கு மூன்று எட்டு

சாலை என்கிற கடைத்தெருவில் வத்தல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையின் மாடியில்தான் எங்கள் கராத்தே கிளாஸ். கீழே மூட்டை இறக்கினால் மேலே தும்மல் வரும். அது எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். கொரோனா அடங்கி, இனி நேரில் வரலாம் என்று மாஸ்டர் வாட்ஸ்அப்பில் செய்தி போட்டு, நாங்கள் மாஸ்க்கும் வெள்ளை உடுப்புமாகப் படியேறிய முதல் நாள்தான் அது எவ்வளவு பெரிய சங்கடம் என்று புரிந்தது. ஒருவர் தும்மினார். பதினான்கு பேர் திரும்பி அவரைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தோம். "மிளகாய், மிளகாய்" என்று அந்த மனுஷர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மாஸ்டர் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி ஆளுக்கொரு கட்டம் போட்டிருந்தார். அதைத் தாண்டக் கூடாது. இவ்வளவு சின்ன இடத்தில் எப்படிக் காலைத் தூக்குவது என்று எல்லாரும் முணுமுணுத்தோம். எனக்கு முன்னால் இருந்த கட்டத்தில் நின்ற அக்கா மட்டும் குனிந்து டேப்பைப் பார்த்தார். பிறகு நாலா பக்கமும் பார்த்தார்.

"அம்மாடி, இவ்வளவு எடமும் ஒருத்திக்கா?" என்றார்.

அக்காவை ஒரு வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் நான் அந்த வாக்கியத்தைத்தான் சொல்வேன்.

அவருக்கு அப்போது நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதிருக்கும். வள்ளியூர்ப் பக்கம் சொந்த ஊர். கணவர் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சரக்கு மாஸ்டர். அக்கா கராத்தே கற்றுக்கொள்ள வந்தவரே இல்லை. பதினொரு வயது மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கிளாஸ் முடியும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். ஏறி இறங்குகிறவர்களுக்கு வழி வேண்டுமே என்று முழங்காலை மடக்கி, சுவரோடு ஒட்டி, பையை வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவார். எங்கள் மாஸ்டர் முப்பது வயது மலையாளிப் பையன். "சேச்சி வெறுதே இரிக்கண்டா, கேறி வா" என்று, சும்மா உட்காராமல் உள்ளே வரச் சொல்லி ஒருநாள் விளையாட்டாகக் கூப்பிட்டார். "அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு" என்று அக்கா உள்ளே வந்துவிட்டார். மூன்றாவது வாரம் மகள் கால் வலிக்கிறது என்று நின்றுவிட்டாள். அக்கா நிற்கவில்லை. வளருகிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிய மகளின் உடுப்பில், இரண்டு பக்கமும் பழைய வெள்ளை வேட்டியை ஒட்டுப் போட்டுத் தைத்து அவரே போட்டுக்கொண்டார்.

வருகைப் பதிவேட்டில் மகளின் பெயர்தான் இருந்தது. மாஸ்டர் அதற்குப் பின்னால் 'வின் அம்மா' என்று சேர்த்துவிட்டார். பெரியவர்களுக்கு அக்கா, பிள்ளைகளுக்குச் சேச்சி. அவருக்கென்று ஒரு பெயர் இருக்கும் என்று எங்களில் யாருக்குமே தோன்றவில்லை. எனக்கும்தான்.

எதற்கும் அவரிடம் ஒரே பதில், "அட்ஜஸ்ட் பண்ணிக்கிடலாம்." தண்ணீர் வரவில்லையா, அட்ஜஸ்ட் பண்ணிக்கிடலாம். மின்விசிறி ஓடவில்லையா, அதுவும் அப்படித்தான். ஒருமுறை கிழக்கேகோட்டையிலிருந்து போகும் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். மூன்று பேர் சீட்டில் நான்காவதாக, விளிம்பில் ஒரு தொடை மட்டும் படும்படி உட்கார்ந்திருந்தார். மற்ற மூவரும் விரிந்து வசதியாக இருந்தார்கள்.

"விழுந்திரப் போறீங்க அக்கா."

"விழ மாட்டேன் தம்பி. கால ஊணியிருக்கம்லா."

குதிரை மேல் உட்கார்ந்ததுபோல் முழங்காலை மடக்கி நிற்கும் பயிற்சியில் மூன்று நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாமல் நாங்கள் அலறும்போது, அக்கா மட்டும் பத்து நிமிஷம் பேசாமல் நிற்பதன் ரகசியம் அன்றுதான் எனக்குப் பிடிபட்டது. பல வருஷமாக பஸ்ஸில் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

ஆனால் சண்டைப் பயிற்சியில் அவரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எதிராளி குத்த வந்தால் அழகாக ஒதுங்கி, "போங்க போங்க" என்று கையைக் காட்டி வழி விடுவார். குத்த வந்தவன் அந்த வேகத்திலேயே எதிர்ச் சுவர்வரை போய் நிற்பான். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதே தெருவில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறேன். குடம், தண்ணீர் டப்பு, நாற்காலி, தண்ணீர் மொள்ளுகிற மக்கு. பிரவுன் பெல்ட் கட்டி எட்டு வருஷம் ஆகிறது. கறுப்பு பெல்ட்டுக்குப் போகாததற்குப் பல காரணம் சொல்வேன். பார்க்கிறவர்களுக்கு என் வயிறு ஒன்றே போதும். புதிதாக வந்தவர்களைத் திருத்துகிற பொறுப்பை மாஸ்டர் என்னிடம் கொடுத்திருந்ததால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அக்கா சேர்ந்த மூன்றாம் மாதம் ஊரடங்கு வந்தது. கிளாஸ் போனுக்குள் போயிற்று. அவர் போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்திருப்பார். எங்களுக்குத் தெரிவதெல்லாம் ஒரு மின்விசிறி, நடு நடுவே மேலே வந்து போகிற ஒரு கை, அவ்வளவுதான். ஆனால் ஒருநாள்கூட அவர் தவறியதில்லை. முதல் கட்டாவை முழுக்க முழுக்க அந்த வீட்டுக்குள் நின்றுதான் படித்தார்.

கட்டா என்றால், எதிரே ஆள் இல்லாமலே, இருப்பதாக நினைத்துக்கொண்டு வரிசையாக அடித்தும் தடுத்தும் திரும்பியும் காட்டுவது. முதல் கட்டாவில் நேராக முன்னே மூன்று எட்டு, அதே கோட்டில் பின்னே மூன்று எட்டு, இரண்டு முனையிலும் இடமும் வலமுமாகச் சில திருப்பங்கள். எட்டெல்லாம் ஒரே அளவாக இருந்தால் தொடங்கிய இடத்திலேயே வந்து நிற்போம். நிற்காவிட்டால் எங்கேயோ கோளாறு. பரீட்சையில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

நேரில் கூடிய இரண்டாம் நாள் மாஸ்டர் ஒவ்வொருவராக நடுவே அழைத்துக் கட்டா செய்யச் சொன்னார். தரையில் டேப்பால் ஒரு பெருக்கல் குறி. அக்கா அதன்மேல் நின்று வணங்கித் தொடங்கினார். முன்னே இரண்டு எட்டு நன்றாக வைத்தார். மூன்றாவது எட்டு ஒரு சாண் அளவில் நின்றுபோயிற்று. கையைத் தலைக்கு மேல் உயர்த்தித் தடுக்க வேண்டிய இடத்தில் மூக்குவரைதான் உயர்த்தினார். தலையையும் கொஞ்சம் குனிந்துகொண்டார். திரும்பும்போது ஒன்றுமில்லாத இடத்தில் காலைத் தூக்கி எதையோ தாண்டினார். பின்னே மட்டும் மூன்று எட்டும் முழுசாக வைத்து, குறியைக் கடந்து, நான் நின்ற வரிசைக்கே வந்து என் வயிற்றில் முதுகு இடித்து நின்றார்.

"எந்தா சேச்சீ, அவிடெ மதில் உண்டோ?" என்றார் மாஸ்டர்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். மறுபடி செய்தார். அதே சாண், அதே குனிதல், அதே தாண்டல், அதே வயிறு.

அன்று படி இறங்கும்போது, "மஞ்ச பெல்ட்டு பரீட்சைக்கு இன்னும் எத்தன நாளு தம்பி?" என்று கேட்டார்.

"மூணு வாரம். இந்தத் தடவ இல்லேன்னா ஆறு மாசம் கழிச்சு எழுதிக்கலாம் அக்கா. அவசரமில்ல."

அவர் படியிலேயே நின்றார், வழக்கம்போல் சுவரோரமாக.

"ஆறு மாசம் நான் இங்க இருக்க மாட்டேன் தம்பி. ஹோட்டல இனிமே தொறக்கப் போறதில்லன்னு சொல்லிட்டாங்க. வார மாசம் ஊருக்கே போறோம்." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "எங்க வீட்டுல எல்லாப் பேப்பரும் அவுக பேருலதான். கேஸு புக்கு, வாடகச் சீட்டு, எல்லாம். நான் ஒம்பதாங் கிளாஸோட நின்னுட்டேன். பாஸானா சர்டிபிகேட்டு குடுப்பாங்கள்லா? என் பேரு போட்டு ஒண்ணு கைல வாங்கணும்னு ஒரு ஆச."

பார்த்துக்கொள்ளலாம் அக்கா என்றேன். அதுவரை அவரைத் திருத்துவதை ஒரு வேடிக்கையாகத்தான் வைத்திருந்தேன். அதை நினைத்து வெட்கமாக இருந்தது.

அடுத்த நாலு நாளும் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது எட்டை நீட்டுங்கள், கையை உயர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் "சரி தம்பி" என்பார். ஒவ்வொரு தடவையும் என் வயிற்றில் வந்து முட்டுவார்.

ஐந்தாம் நாள் அவர் எங்கள் கடையில் மூடி வைத்த டிரம் ஒன்று வாங்கினார், ஊருக்குச் சாமான் கட்ட. கனமான டிரம். நானே தோளில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாலைக்குப் பின்னால் லைன் வீடு. வாசலில் நின்று உள்ளே பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரே அறை. வாசலுக்கு நேரெதிரே, இரண்டே கால் எட்டுத் தூரத்தில், பிரிட்ஜ். அதற்கு முன்னால், சரியாக அக்காவின் மூக்கு உயரத்தில், சுவருக்குச் சுவர் துணிக்கொடி. இடப்பக்கம் கட்டில். வேலையில்லாத கணவர் அதில் படுத்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டை மனுஷர், கால் இரண்டும் கட்டிலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அக்கா தாண்டியது அந்தக் கால்களைத்தான்.

"அக்கா, இங்க ஒரு தடவ கட்டா செஞ்சு காட்டுங்க" என்றேன்.

சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு செய்தார். அப்படி ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கை கொடியை உரசவில்லை. குத்து பிரிட்ஜுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. கால் கணவரின் பாதத்துக்கு மேலே போய் வந்தது. அவர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளின் காதோரம் அக்காவின் முழங்கை போயிற்று. அவள் நோட்டின் பக்கத்தைத் திருப்பினாள். கடைசியில் அக்கா பின்னே மூன்று எட்டு வைத்து, நிலைப்படியைத் தாண்டி, தெருவில் என் பக்கத்தில் வந்து நின்றார். பின்பக்கம் மட்டும்தானே இடம் இருந்தது.

பிரமித்துப்போனேன். கோளாறு என்று நாங்கள் சிரித்தது கோளாறே இல்லை. அந்த வீட்டுக்கு அதைவிடச் சரியான கட்டா கிடையாது.

கடைக்குத் திரும்பி வரும் வழியில்தான் யோசனை வந்தது. இந்த அக்காவிடம் 'இடம் இருக்கிறது, காலை நீட்டு' என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. தடங்கலைக் கொடுத்தால், எப்பேர்ப்பட்ட தடங்கலுக்கும் தன்னைப் பொருத்திக்கொள்வார். அப்படியானால் சரியான தடங்கலைக் கொடுத்தால் போகிறது.

மறுநாள் கடையிலிருந்து மூன்று டப்பு, இரண்டு நாற்காலி, இரண்டு மக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு எட்டுக்கும் நடுவில் டப்புகளைத் தண்ணீரோடு வைத்தேன். தண்ணீருக்குள் கால் போகக் கூடாதென்றால் தாண்டி நீளமாகத்தான் எட்டு வைத்தாக வேண்டும். தலைக்கு மேலே கயிற்றில் மக்குகளைத் தொங்கவிட்டேன். கையை முழுசாக உயர்த்தினால்தான் அவை விலகும், இல்லையென்றால் நெற்றியில் இடிக்கும். பின்னே போக வேண்டிய தூரம் முடிகிற இடத்தில் நாற்காலிகள். மாஸ்டர் வந்து பார்த்தார்.

"இது கராத்தே கிளாஸோ, நின்டெ கடயோ?" என்றார்.

"ரெண்டு வாரம் பொறுங்க மாஸ்டர்."

அக்கா குறியில் நின்றார். சாமான்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "இது நல்லாருக்கே" என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார். முதல் தடவையிலேயே மூன்று எட்டும் முழுசாக விழுந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். அன்றிலிருந்து அதற்கு 'சேச்சியின் வீடு' என்று பெயர். வீட்டை நான் நாளுக்கொரு சாமானாகக் காலி செய்தேன். முதலில் ஒரு மக்கு, பிறகு ஒரு நாற்காலி. சாமான் போன இடத்திலும் அது இருப்பதாகவே நினைத்து அக்கா தாண்டிக்கொண்டிருந்தார். பரீட்சைக்கு முந்தின நாள் தரையில் ஒன்றுமே இல்லை. அக்கா குறியிலிருந்து நாலு விரல் தள்ளி வந்து நின்றார். மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கறுப்பு பெல்ட் கிடைத்ததுபோல இருந்தது எனக்கு.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை காலை. கொல்லத்திலிருந்து பெரிய மாஸ்டர் வந்திருந்தார். தாடி, கறுப்பு மாஸ்க், சிரிப்பில்லாத கண். ஜன்னலோரம் அவருக்கு மேசை நாற்காலி போட்டிருந்தோம். அவர் உட்கார்ந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, கீழே லாரி வந்து மிளகாய் மூட்டை இறக்க ஆரம்பித்தார்கள். பெரிய மாஸ்டர் தும்மினார். மறுபடி தும்மினார். நாலாவது தும்மலில் எழுந்து, மேசையைத் தானே இழுத்துக்கொண்டு ஆறடி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு உயிர் போயிற்று. முன்னே வைக்க வேண்டிய மூன்றாவது எட்டு விழுகிற இடத்தில் இப்போது மேசை இருந்தது. பிரிட்ஜ் இருந்த அதே இடம்.

அவரிடம் போய்ச் சொல்ல எங்கள் மாஸ்டருக்கே தைரியமில்லை. முதலில் வந்த பிள்ளைகளுக்குக் கால் சின்னது, தப்பித்துவிட்டார்கள். பிறகு வந்த இரண்டு பெரியவர்கள் மூன்றாவது எட்டைச் சுருக்கிக்கொண்டு எப்படியோ சமாளித்து, குறியை விட்டு விலகி வந்து நின்றார்கள். பெரிய மாஸ்டர் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்து அக்கா.

அக்கா குறியில் நின்று வணங்கினார். மேசையைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். பஸ்ஸில் அந்த விளிம்பைப் பார்க்கிற பார்வை. சுருக்குவதில் அவரை மிஞ்ச அந்த மாடியில் ஆளில்லை. இரண்டு வாரம் டப்பும் மக்குமாகப் பட்ட பாடெல்லாம் போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தேன். அக்கா தொடங்கவில்லை, நின்றுகொண்டேயிருந்தார்.

"தொடங்ஙாம்" என்றார் பெரிய மாஸ்டர்.

"சார்" என்றார் அக்கா. "மேசையக் கொஞ்சம் பின்னால நகத்துங்க. எனக்கு மூணு எட்டு வேணும்."

எங்கள் மாஸ்டர் உத்தரத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் இதில்தன்னெ அட்ஜஸ்ட் செய்தல்லோ சேச்சீ" என்றார் பெரிய மாஸ்டர்.

"அட்ஜஸ்ட் பண்ணுதது எனக்கு நல்லாத் தெரியும் சார். இங்க உள்ள யாரையும்விட நல்லாத் தெரியும். அதான் இன்னைக்கு வேண்டாங்கேன்."

பெரிய மாஸ்டர் அவரையே பார்த்தார். எழுந்தார். யாரும் உதவிக்குப் போவதற்குள் மேசையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், பழைய இடத்தில், ஜன்னலோரத்தில் வைத்து உட்கார்ந்தார். உடனே ஒரு தும்மல் போட்டார்.

"இப்போ மதியோ?"

"போதும் சார்."

அக்கா செய்தார். ஒரு எட்டு, இரண்டு எட்டு, மூன்றாவது எட்டு முழுசாக, தரை அதிரும்படி. கை தலைக்கு மேலே உயர்ந்தது. அந்த இடத்தில் போட வேண்டிய சத்தத்தை, லைன் வீட்டில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காக இத்தனை நாளும் வாய்க்குள்ளேயே போட்டுவந்த சத்தத்தை, அக்கா போட்டார். கீழே மூட்டை இறக்குகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதே நேரத்தில் பெரிய மாஸ்டரும் தும்ம, இரண்டில் எது பெரிதென்று பிள்ளைகள் ரொம்ப நாள் சண்டை போட்டார்கள். பின்னே மூன்று எட்டு, திருப்பங்கள், முடிவு. அவருடைய குதிகால் டேப்பின் மேல் இருந்தது. என் வயிறு அநாவசியமாக மூன்றடி பின்னால் காத்திருந்தது. என்னை அறியாமல் கண் கலங்கிவிட்டது. கேட்டவர்களிடம் மிளகாய் என்றேன்.

முன்னால் சுருக்கிச் செய்த இரண்டு பெரியவர்களும் எழுந்து, தங்களுக்கும் இன்னொரு தடவை வேண்டும் என்று கேட்டார்கள். பெரிய மாஸ்டர் கொடுத்தார்.

கடையில் விலைப்பலகை எழுதி எழுதி எனக்குக் கையெழுத்து கொஞ்சம் நன்றாக வரும். சர்டிபிகேட்டில் பெயர் எழுதுகிற வேலை என்னுடையது. அக்கா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் கடைக்கு வந்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். விளிம்பில்தான் உட்கார்ந்தார்.

"முழுப் பேரு சொல்லுங்க அக்கா."

சொன்னார். ஊர்ப் பெயர், அப்பா பெயர், பிறகு அவருடைய பெயர், அதுவும் குலதெய்வத்தின் பெயரையும் அவருடைய ஆச்சியின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர். இரண்டு வருஷப் பழக்கத்தில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். சர்டிபிகேட்டில் பெயருக்கென்று அச்சடித்திருந்த கோடு நாலு விரல் நீளம்கூட இருக்காது.

"அக்கா, இதுல எடம் கம்மி. முன்னால உள்ளத இனிஷியலாப் போட்டுச் சுருக்கிரட்டுமா?"

அக்கா அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேண்டாம் தம்பி. முழுசா எழுதுங்க. எடம் பத்தலேன்னா கோட்டுக்கு வெளிய போட்டும்."

எழுதினேன். பெயர் கோட்டைத் தாண்டி, ஓரத்துப் பூ வேலையையும் தாண்டி, காகிதத்தின் விளிம்புவரை போயிற்று. மை காயும்வரை அக்கா எழுந்திருக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார்.